சத்தம் போடாத வலி

எலும்பு முறிவு வார்டில் செவிலியராக இருக்கிறேன். "இந்தச் சின்ன முறிவுக்கா இத்தனை கூச்சல்?" என்று துணைக்கு இருப்பவர்கள் சலித்துக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். எனக்குக் கவலையெல்லாம் கூச்சலே போடாதவர்களைப் பற்றித்தான்.

வயல்வேலை செய்யும் அம்மா ஒருவர், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வந்தார். மாவுக்கட்டு போட்டாயிற்று. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டேன். "மூன்று இருக்கும் சிஸ்டர், நீங்கள் மற்றவர்களைப் பாருங்கள்" என்றார். ஆனால் புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்திருந்தார். மேலுதட்டில் வியர்வை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன. அவருடைய கால்விரல்களை மெதுவாக மேல்நோக்கி நிமிர்த்தியதும் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். உடனே டியூட்டி டாக்டரை அழைத்தேன். கட்டுக்குள் தசை வீங்கி ரத்த ஓட்டத்தை நெரிக்கத் தொடங்கினால், விரலை அசைத்தாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். சில மணி நேரம் விட்டுவிட்டால் தசையே செத்துவிடும். மாவுக்கட்டை நீளவாக்கில் வெட்டிப் பிரித்த பிறகுதான் அவர் மூச்சு சீரானது. "பிரசவத்திலேயே வாய் திறக்காதவள் நான்" என்றார். அழக்கூடாது என்றே வளர்க்கப்பட்டவரிடம் எண்ணை மட்டும் கேட்டு நகர்ந்துவிட முடியுமா?

பக்கத்துக் கட்டிலில் மணிக்கட்டு முறிந்த பையன் "பத்து, பத்து" என்று அலறினான். அதுவும் பொய்யில்லை. பயம் வலியைப் பெருக்கும். மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகள் தண்டுவடத்திலேயே வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் விளக்கினார்கள். 1944-இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் படுகாயமடைந்த வீரர்களில் பெரும்பாலோர் வலி மருந்து வேண்டாம் என்றதை அமெரிக்க ராணுவ டாக்டர் பீச்சர் பதிவு செய்திருக்கிறார். போர்க்களத்தைவிட்டு உயிரோடு வந்துவிட்ட நிம்மதி அதற்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார்.

சர்க்கரை நோயால் காலை இழந்த பெரியவர் ஒருவர், இல்லாத கட்டைவிரலை யாரோ முறுக்குவதாகச் சொல்வார். மகனோ, "அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று கலங்கினார். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது, வலி உண்மைதான் என்று மகனை உட்காரவைத்துச் சொன்னேன். நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த கண்ணாடிப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் தொடங்கினார். இல்லாத காலின் இடத்தில் கண்ணாடியில் தெரியும் நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே விரலை விரிக்க வேண்டும். எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. இவருக்கு முறுக்கல் ஓரளவு தளர்ந்தது.

வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும், சொல்ல முடியாதவருக்கும் வலி இருக்கலாம் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் தன் வரையறையோடு சேர்த்தே எழுதியிருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களிடம் நான் புருவச் சுளிப்பையும், புரட்டிப் படுக்க வைக்கும்போது உடல் விறைப்பதையும் பார்க்கிறேன். முதியோரைக் கவனித்துக்கொள்பவர்கள் வேறு எதைப் பார்த்துக் கண்டுகொள்கிறீர்கள்? எழுதுங்கள், என் வார்டுக்கு உதவும்.