மறு: சேணமா, மலைக்கழுத்தா, கணவாயா?

வணக்கம் சேர். நில அமைப்பைக் காட்டும் இடவிளக்கப் படத்துக்கான தமிழ்ச் சொற்களைப் பற்றி நீங்கள் எழுதியது:

> இரண்டு குன்றுகளுக்கு இடையே உள்ள தாழ்வுக்குச் 'சேணம்' என்று போடலாம். 'கணவாய்' என்றாலும் பிழையில்லை.

கணவாய் என்றால் பிழைதான் சேர். போலன் கணவாய் ஒரு புள்ளியல்ல. பலூசிஸ்தானின் வறண்ட மலைகளுக்குள் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் நீளும் வழி அது. 1839இல் காந்தகாருக்குப் போன ஆங்கிலேயப் படை அதற்குள்ளால்தான் ஏறியது. இடவிளக்கப் படத்தில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) இரு கரையிலும் நெருங்கிக் கிடக்க, நடுவில் ஆற்றுப்படுகை ஒன்றுதான் வழிவிடும். 1880களில் ரயில்பாதையையும் அந்தப் படுகையிலேயே போட்டார்கள். வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது.

இலங்கை மலைநாட்டு ஹப்புத்தளை வேறு. டவுனில் நின்றால் தெற்கே தாழ்நிலம், வடக்கே ஊவாப் பள்ளம். இரண்டு பக்கமும் பணியத்தான். கிழக்கிலும் மேற்கிலும் மலை ஏறும். தெற்கிலிருந்து வரும் மூடுபனி அந்தத் தாழ்வால்தான் இந்தப் பக்கம் கடக்கிறது. ஆக, கணவாய் ஆட்கள் போகும் வழி. நாம் பெயர் தேடுவது நிலத்தின் வடிவத்துக்கு.

வகுப்பில் பிள்ளைகளைக் கையைப் பொத்தச் சொல்லி, இரண்டு விரல் மொளிகளைச் சுற்றிப் பேனாவால் வளையம் போட வைப்பேன். மேலே இரண்டு சின்ன வளையம். கொஞ்சம் கீழே இறங்கினால் இரண்டையும் சேர்த்து வளைக்கும் ஒரே கோடு, நடுவில் ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கத்தைத் தொட்டு ஒரு பிள்ளை "கழுத்து மாதிரி" என்றாள். குதிரைச் சேணத்தை அவள் கண்டதில்லை. அதனால் என் தெரிவு 'மலைக்கழுத்து'. ஒரு குறை உண்டு: 'கழுத்துயரம்' என்றால் கழுத்தளவு என்றாகிவிடும். 'மலைக்கழுத்தின் உயரம்' என்று விரித்தே எழுத வேண்டும்.

பாலைநிலக் கணவாய்க்கு நீங்கள் சொன்ன 'சுரம்' எனக்கு மிகவும் பிடித்தது. பொருள் தேடிப் போகிறவன் சங்கப் பாட்டில் கடப்பது அதைத்தானே. மலையாளத்தில் ஈரமலைக் கணவாயும் சுரம்தான். நாம் வறட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். காய்ச்சலோடு குழம்பாது, 'போலன் சுரம்' என்று இடப்பெயரோடுதானே வரும்.

இன்னொன்று. படத்தில் விட்டுவிட்டு வரும் நீலக் கோட்டுக்குக் குறியீட்டுப் பட்டியலில் 'பருவகால ஆறு' என்றிருக்கிறது. பாலையில் அது பருவம் பார்த்து வருவதில்லை. 'காட்டாறு' என்று மாற்றலாமா?