பிற கேலக்ஸிகளில் எத்தனை கோள்கள்? என் கணக்கு எங்கே இடிக்கிறது?

வான்கணக்கு:
வணக்கம். நான்கு நாளாக ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள். பிற கேலக்ஸிகளில் எத்தனை கோள்கள் இருக்கும் என்று தோராயமாகவாவது போட்டுப் பார்க்க ஆசை. முதலில் நம் கேலக்ஸியான பால்வீதிக்குப் போட்டுவிட்டு, அதை வைத்து மற்றவற்றுக்குப் போகலாம் என்று நினைத்தேன். கெப்ளர் தொலைநோக்கி சுமார் 1,50,000 விண்மீன்களைக் கண்காணித்தது, கிடைத்த கோள்கள் சுமார் 2,600. வகுத்தால் விண்மீனுக்கு 0.017. பால்வீதியில் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் என்று வைத்துப் பெருக்கினால் 170 கோடி கோள்கள்தான் வருகின்றன. ஆனால் படிக்கிற இடமெல்லாம் விண்மீனுக்கு ஒரு கோளாவது இருக்கும் என்கிறார்கள். கிட்டத்தட்ட 60 மடங்கு வித்தியாசம். எக்செல் சூத்திரத்தை மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

நிலாமுற்றம்:
சூத்திரம் சரி நண்பரே, உள்ளே போட்ட எண்தான் தப்பு. 2,600 என்பது கண்ணில் பட்ட கோள்கள், இருக்கிற கோள்கள் இல்லை. கெப்ளர் கோளை நேரடியாகப் பார்க்கவில்லை. கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் மங்குகிறதா என்று பார்த்தது. கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் அமைந்தால்தான் அது நடக்கும். விண்மீனின் ஆரத்தைக் கோளின் தூரத்தால் வகுத்தால் அதற்கான வாய்ப்பு வந்துவிடும். சூரியனுக்கும் பூமிக்கும் போட்டுப் பாருங்கள், 7 லட்சம் கி.மீ.யை 15 கோடி கி.மீ.யால் வகுத்தால் 0.47 சதவீதம். ஆக, இப்படி ஒரு பூமி சிக்கினால் சிக்காமல் போனவை இருநூறுக்கும் மேல்.

பாதை சரியாக அமைந்தாலும் சுலபம் இல்லை. பூமி மறைப்பது சூரிய வெளிச்சத்தில் 0.0084 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை, சுமார் 13 மணி நேரம். மூன்று தடவையாவது மங்கினால்தான் கணக்கில் எடுப்பார்கள், கெப்ளர் அந்த ஒரே வானப் பகுதியை உற்றுப் பார்த்ததோ 4 ஆண்டுதான். அதனால் அளவு, தூரம் பார்த்து ஒவ்வொரு வகைக் கோளுக்கும் தனித்தனியாகத் திருத்தம் போட வேண்டும். 2012இல் ஈர்ப்பு வில்லை முறையில் (முன்னே இருக்கும் விண்மீனின் ஈர்ப்பு பின்னால் உள்ளதன் வெளிச்சத்தை வளைத்துக் கூட்டிக் காட்டுவதை வைத்துக் கோளைக் கண்டுபிடிப்பது), அதாவது முற்றிலும் வேறு வழியில் செய்த ஆய்வும் சராசரியாக விண்மீனுக்கு ஒன்றுக்கு மேல் என்றே சொன்னது.

வான்கணக்கு:
இப்போது புரிந்தது, ரொம்ப நன்றி! விண்மீனுக்கு 1 என்று மாற்றிவிட்டேன். அப்புறம் 2 லட்சம் கோடி கேலக்ஸிகள், ஒவ்வொன்றிலும் 10,000 கோடி விண்மீன்கள் என்று பெருக்கினால் 2க்குப் பின் 23 சுழியம் வருகிறது. சரிதானே?

இரவுவிழி:
இங்கேயும் அதே மாதிரி ஒரு இடறல். அந்த 2 லட்சம் கோடி 2016இல் வந்த மதிப்பீடு. அதில் பெரும்பாலானவை நாம் இன்னும் பார்க்காத, மங்கலான குட்டிக் கேலக்ஸிகள். அவை ஒவ்வொன்றுக்கும் பால்வீதி அளவு விண்மீன்களைக் கொடுத்தால் எப்படி? 2021இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைத் தாண்டிப் போய் வானத்தின் பின்னணி வெளிச்சத்தை அளந்தபோது அவ்வளவு கேலக்ஸிகளுக்கான வெளிச்சம் அங்கே இல்லை, எண்ணிக்கை பல பத்தாயிரம் கோடி என்ற அளவுக்கு இறங்கியது. கேலக்ஸியை விட்டுவிட்டு விண்மீனை எண்ணுங்கள், எனக்கு அதுதான் நம்பகமாகப் படுகிறது.

இன்னொன்று, விண்மீனுக்கு 1 என்பது பால்வீதியில், அதுவும் பெரும்பாலும் நம் அக்கம்பக்கத்தில் கிடைத்த விடை. வியாழன் போன்ற பெரிய கோள்கள் உலோகச் செறிவு (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த எல்லாத் தனிமங்களையும் வானியலில் உலோகம் என்பார்கள்) கூடிய விண்மீன்களைச் சுற்றித்தான் அதிகம் இருக்கின்றன, குட்டிக் கேலக்ஸிகளிலோ உலோகம் குறைவு. சிறிய கோள்களுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இல்லை.

நிலாமுற்றம்:
பால்வீதிக்கு வெளியே கோள் இருப்பதற்கு நேரடி ஆதாரமும் இதுவரை உறுதியாகவில்லை. 2.8 கோடி ஒளியாண்டு தள்ளியுள்ள எம்-51 கேலக்ஸியில் எக்ஸ் கதிர் வீசும் ஒரு பொருள் சுமார் 3 மணி நேரம் மங்கி மீண்டதைச் சந்திரா தொலைநோக்கியின் பதிவில் கண்டார்கள். சனி அளவுள்ள கோளாக இருக்கலாம். ஆனால் அது மறுபடி குறுக்கே வர சுமார் 70 ஆண்டு ஆகுமாம்.

வான்கணக்கு:
இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. மொத்தத்தை விட்டுவிட்டு ஆண்ட்ரோமெடாவை மட்டும் எடுத்தேன், அதுவும் பால்வீதி போலப் பெரிய சுருள் கேலக்ஸி என்பதால் அதே விகிதத்தைப் போடத் தைரியம் வந்தது. சுமார் 1 லட்சம் கோடி விண்மீன்கள், ஆக அதே அளவு கோள்களாவது. அடுத்து பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள குட்டிக் கேலக்ஸிகளான மெகல்லன் மேகங்கள், அதற்கு உலோகச் செறிவு என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.