மாலை போட்டிருக்கும் 41 நாள்: எடையில கை வைக்காதீங்க, செட்டைக் குறைங்க

கார்த்திகை பொறந்து மாலை போட்ட கையோட ஜிம்ல பாதி சாமிங்க ஒரே தப்பைத்தான் பண்றாங்க. "விரதம்தானே, லைட்டா அடிப்போம்"னு பார்ல இருந்து பிளேட்டை உருவிட்டு 20 ரெப், 25 ரெப்னு போறது (ஒரு தடவை தூக்கி இறக்கறது ஒரு ரெப்). வியர்வை நல்லா கொட்டும். ஆனா கனம் தூக்கற பழக்கம் உடம்புக்கு விட்டுப்போயிடும். சதை குறையறதுக்கு முன்னாடியே பலம் இறங்கிடும்.

குறைக்க வேண்டியது செட்டை, அதாவது இடைவிடாம ரெப் போடற சுத்துகளோட எண்ணிக்கையை. 100 கிலோல 5 செட், 5 ரெப் ஸ்குவாட் போடறவர் அதே 100ல 2 செட் போட்டா போதும். வாரம் 2 நாள் வாங்க: ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச், ரோ, இன்னொரு நாள் டெட்லிஃப்ட், ஓவர்ஹெட் பிரஸ், புல்-அப். இன்னும் 2 ரெப் போடலாம்ங்கற நிலையில பாரை வெச்சிடணும். வார்ம்-அப்பை மட்டும் வெட்டாதீங்க: வெறும் பார், 40, 60, 80, அப்புறம் 100. கர்ல் எல்லாம் விட்டாலும் குடி முழுகிடாது.

வெறுங்காலோட டெட்லிஃப்ட் சுகமாத்தான் இருக்கும். பிளேட் மாட்டும்போதுதான் விரல் பத்திரம், சாமி.

*

செட் கணக்கு சரி, ஆனா குருசாமி வயசுக்காரங்களுக்கு இது அப்படியே பொருந்தாது. பர்மிங்காம்ல இருக்கற அலபாமா பல்கலைக்கழக ஆய்வு 2011ல வந்துச்சு. 16 வாரம் பயிற்சி, அப்புறம் 32 வாரம் குறைச்ச பயிற்சி. 20-35 வயசுக்காரங்களுக்கு ஒன்பதுல ஒரு பங்கு செட்லயே தசை குறையாம நின்னுச்சு. 60 தாண்டினவங்களுக்கு மூணுல ஒரு பங்கு கூட தசைக்குப் பத்தலை. பலம் மட்டும் பெரும்பாலும் குறையாம நின்னுச்சு. அதனால வயசானவங்க பாதிக்குக் கீழ இறங்காம இருக்கறது நல்லது.

*

சிக்கன், முட்டை நின்னதும் சோறு சாம்பாரோட நிக்கறதுதான் பெரிய ஓட்டை. கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன்னு வெச்சா, 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். காய்ஞ்ச சோயா சங்க்ஸ் 50 கிராம்ல 26, பன்னீர் 100 கிராம்ல 18, பால் அரை லிட்டர்ல 16, வே (பால்லேருந்து எடுக்கற புரோட்டீன் பவுடர்) ஒரு ஸ்கூப்ல 24 வரைக்கும் வரும். மொத்தம் 84. மிச்சம் சுண்டல், பருப்பு, தயிர்ல தேறிடும். ஒரு வேளை மட்டும் சாப்பிடறவங்க எல்லாத்தையும் ஒரே நேரத்துல திணிச்சா வயிறு ஊதிக்கும்; பால், வே ரெண்டையும் வேற வேளைக்குத் தள்ளுங்க.

கறி நிக்கறப்போ சாப்பாட்டுல வர்ற, தசைக்கு சக்தி கொடுக்க உதவற கிரியேட்டினும் நின்னுடும். கடையில விக்கற கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஆலையில தயாராகறது, அசைவம் இல்ல. தினம் 3லேருந்து 5 கிராம்.

முதல் வாரம் தராசுல 1, 2 கிலோ இறங்கினா பதறாதீங்க. சோறு குறைஞ்சா தசையில சேமிச்சிருக்கற மாவுச்சத்தான கிளைக்கோஜன் குறையும். அதோட ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணியும் போயிடும். தராசை விட்டுட்டு பாரைப் பாருங்க. அடுத்தடுத்து ரெண்டு தடவை ரெப் குறைஞ்சா விடிகாலைக் குளியலுக்காகத் தூக்கத்தை வெட்டறீங்களான்னு யோசிங்க.

*

மலைக்கு 5 நாள் முன்னாடி கடைசி கனமான ஸ்குவாட். பம்பையிலேருந்து ஏறறப்போ மூச்சு வாங்கும், இறங்கறப்போதான் தொடை கிழியும். அதனால திரும்பி வந்து 3, 4 நாள் கால் பயிற்சி பக்கமே போகாதீங்க சாமி. அப்புறம் அதே எடையில 3 செட், மறு வாரம் 4. நேரா அஞ்சுக்குப் போனா படியில பக்கவாட்டாத்தான் இறங்கணும்.