ஓலையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பலாம்

மாமிக்குப் பாரிசவாதம் வந்து நாலு வருடம். வலப்பக்கம் இயங்காது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். என் கணவர் விடிய வேலைக்குப் போய்விடுவார். மாமியைப் பார்ப்பது சம்பளமில்லாத வேலை என்று சொன்னால் சொந்தக்காரர் முகம் சுளிப்பார்கள். வேலைதான், நான் அப்படித்தான் சொல்வேன்.

பனை ஓலையில் பெட்டி இழைக்க எனக்கு ஆசை வந்தது ஒரு அக்காவால். கிளினிக்கில் பக்கத்து வாங்கில் இருந்தார். 2009 இல் முள்ளந்தண்டில் காயப்பட்ட கணவரை அன்றிலிருந்து பார்த்து வருகிறார். மடியில் வைத்து ஒரு கொட்டப்பெட்டி, அதுதான் வெற்றிலை, காசு வைக்கிற சின்ன ஓலைப்பை, இழைத்துக்கொண்டிருந்தார். நம்பர் கூப்பிட்டதும் அப்படியே பைக்குள் போட்டுவிட்டு எழும்பினார். திரும்பி வந்து விட்ட இடத்திலேயே தொடங்கினார். எனக்கு அதுதான் பிடித்துப்போனது. நான் முன்பு தைப்பேன். பாதித் தையலில் மாமி கூப்பிட்டால் கோபம் வரும், அந்தக் கோபத்தோடுதான் அவரைப் புரட்டுவேன். அதை நினைத்து இரவில் அழுதிருக்கிறேன்.

பக்கத்து வளவில் ஓலை வெட்டும்போது ஒரு குருத்து கேட்டு வாங்குவேன். ஒரே பனையில் அடிக்கடி எடுக்கக்கூடாது, மரம் நலிந்துவிடும். வெயிலில் காயவிட்டு, ஈர்க்கை எடுத்து, ஒரே அகலமாக வார்ந்து, இழைக்க முதல் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்த ஓலை மடிக்கிற இடத்தில் வெடிக்கும். மாமியின் அறையில் இருந்து வந்து பார்க்கும்போது கொஞ்சம் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்தால் சரி.

முதல் இழைத்தது நீத்துப்பெட்டி, பிட்டு அவிக்கிற கூம்புப் பெட்டி. அதில் அடிக்கூர் இறுகவில்லை. பிட்டு மா பானைக்குள் கொட்டியது. அவிழ்த்து மறுபடி இழைத்தேன். இப்போது பிட்டு அவிப்பது அதில்தான்.

விற்கலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். விற்கத் தொடங்கினால் இதையும் இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வந்துவிடும். வேண்டாம். மத்தியானம் மாமி கண்ணயர்ந்த பிறகு விறாந்தையில் இருக்கும் அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு மட்டும் வேண்டும்.

மச்சாளிடம் வாய்விட்டுக் கேட்க மூன்று வருடம் எடுத்தது. கேட்டதும் சரி என்றுவிட்டார். சனிக்கிழமை பின்னேரம் அவர் மாமியோடு இருப்பார், நான் அந்த அக்கா வீட்டுக்குப் போய்க் கடகம் என்கிற பெரிய ஓலைக்கூடை இழைக்கப் பழகுகிறேன். போன கிழமை மூலை மடக்கும்வரை வந்துவிட்டேன்.