1,200 பேர் கதை, ஒரு திரை: இது யாரோட கலை?

ஃப்ரீமாண்ட் குமரன்:
ஜேஆர்னு ஒரு பிரெஞ்சுக் கலைஞர், பெரிய பெரிய கருப்பு வெள்ளை மூஞ்சிப் படங்கள சுவத்துல ஒட்டுறவர்னு சொன்னா பல பேருக்குத் தெரியும். 2018ல சான் பிரான்சிஸ்கோ வந்து, 53 அடி டிரெய்லர் ஒண்ண நடமாடும் ஸ்டுடியோவா மாத்தி, ஊருக்குள்ள 22 இடத்துல நிறுத்தி கிட்டத்தட்ட 1,200 பேர படம் புடிச்சார். பச்சைத் திரை முன்னால ஒவ்வொருத்தரா நிப்பாங்க, எப்படி நிக்கணும்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க, கதைய அவங்க வாயாலயே சொல்லுவாங்க. அப்புறம் எல்லாரையும் ஒரே படத்துல சேத்து டிஜிட்டல் சுவரோவியமா ஆக்கி, 2019 மே மாசம் அந்த ஊரு நவீன கலை மியூசியத்துல டிக்கெட் இல்லாம போற கீழ்த்தளத்துல வச்சாங்க. நூறு அடிக்கு மேல நீளமான திரை, ஊரே மெதுவா நகர்ந்து போற மாதிரி இருந்துச்சு, வீடில்லாம தெருவுல படுக்கிறவர் பக்கத்துலயே கோட்டு போட்டவரும் அதே வெளிச்சத்துல நின்னார். இங்க கலிபோர்னியாவுல, ஃப்ரீமாண்ட்ல பிள்ளைங்களோட வந்து தங்கியிருக்கிற நம்ம ஊரு அப்பா அம்மாக்கள் ஒரு 60 பேர வச்சு சின்ன அளவுல இதே மாதிரி பண்ணலாம்னு இருக்கோம். என்ன சொல்றீங்க?

ஒலிநாடா:
வேணாம் குமரன். அந்த 1,200 பேர்ல ஒருத்தர் பேரு சொல்லுங்க பாப்போம். உங்க பதிவுலயே ஜேஆர் பேர் மட்டும்தான் இருக்கு. கலிபோர்னியாவுலயே இதுக்கு முன்கதை ஒண்ணு இருக்கு. 1936ல நிபோமோவுல பட்டாணி பறிக்கிற கூலிக் கூட்டத்துல டோரதியா லேங்னு ஒரு புகைப்படக் கலைஞர் எடுத்த படம், கன்னத்துல கை வச்ச ஒரு அம்மா, ரெண்டு புள்ளைங்க அவங்க தோள்ல முகத்த மறைச்சுக்கிட்டு, மடியில கைக்குழந்தை. உலகமே பாத்த மூஞ்சி, ஆனா அந்தம்மா ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்னு 1978லதான் ஊருக்குத் தெரிஞ்சுது, தனக்கு அதுல ஒரு காசு வரலன்னு வருத்தப்பட்டாங்க. 1983ல உடம்பு முடியாம போனப்ப வைத்தியத்துக்கு குடும்பம் ஜனங்க கிட்டதான் உதவி கேக்க வேண்டியதாச்சு. வயசானவங்க பேச்ச பதிவு பண்ணி வைக்கிறதுதான் என் வேலை, நம்பி சொல்றவங்களுக்கு கடைசில என்ன மிஞ்சுதுன்னு எனக்கு ரொம்ப கவலையா இருக்கு.

ஃப்ரீமாண்ட் குமரன்:
அண்ணே, அது அரசாங்க வேலைக்காக எடுத்த படம், லேங்குக்கே ராயல்டி கிடையாது, அவங்கள குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது. அதோட அந்தம்மா படத்துல ஊமையாதான் இருந்தாங்க. ஜேஆர் சுவரோவியத்துல அப்படி இல்ல, அதுக்குன்னு இருந்த போன் ஆப்ல ஒரு ஆளத் தொட்டா கதைய அவர் குரல்லயே கேக்க முடிஞ்சுது. 2019ல கலிபோர்னியாவுல டெஹாச்சபி சிறையிலயும் ஜேஆர் இதையே செஞ்சார், கைதிங்க காவலருங்க சில பேர மேலேருந்து படம் புடிச்சு சிறை முற்றத்துல ஒட்டினாங்க, அந்த ஆளுங்க கதைய அவங்க குரல்லயே போன்ல கேக்க முடிஞ்சுது. கைதின்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்ட மனுசன முழுசா பேச விட்டாங்களே, அது சின்ன விஷயமா?

தமயந்தி:
நான் சென்னை. இந்திரா நகர் பறக்கும் ரயில் ஸ்டேஷன் சுவத்துல பெரிய பெரிய முகங்கள் வரைஞ்சிருக்காங்களே, எச்ஐவி பத்தின ஒதுக்கல எதிர்த்து வரைஞ்சது. அதுல யாருக்கு எச்ஐவி இருக்கு யாருக்கு இல்லன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியாது, அதுதான் எனக்குப் பிடிச்சது, எவ்வளவு சொல்லணுமோ அவ்வளவுதான் சொல்லியிருக்காங்க. குமரன் ப்ரோ, உங்க திட்டத்துல முகமும் குரலும் சேந்தே நெட்டுக்கு வருது. இன்னைக்கு கொஞ்ச நேரக் குரல் கிடைச்சாலே ஏஐ வச்சு அதே குரல்ல வேற பேச வைக்கிறாங்க. எழுபது வயசு அம்மா கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டா இதுக்கெல்லாம் சம்மதிச்சாங்கன்னு ஆயிருமா?

ஒலிநாடா:
தமயந்தி சரியா புடிச்சாங்க. ஸ்டோரிகார்ப்ஸ்னு, சாதாரண ஜனங்க பேச்ச பதிவு பண்ணி வைக்கிற அமெரிக்க அமைப்போட முறைய பாருங்க. 2003ல நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்ல ஒரு சின்ன அறை வச்சு ஆரம்பிச்சாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிஞ்ச ரெண்டு பேர், மக கேக்க அப்பா பதில் சொல்லலாம், 40 நிமிஷம். பதிவோட பிரதி அவங்களுக்கே கிடைக்கும், சம்மதிச்சா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கும் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) போகும். கலைஞர் எல்லாம் அப்புறம்தான், 2010லேருந்து அதுல சிலத அனிமேஷனா வரைஞ்சாங்க. அப்பா கிட்ட மக கேக்கிற கேள்விய எந்தக் கலைஞராலயும் கேக்க முடியாது. "ஏம்பா அந்த வீட்ட வித்தீங்க"ன்னு அவ கேட்டா அவர் சொல்ற பதிலே வேற.

ஃப்ரீமாண்ட் குமரன்:
மக கேக்கிறது நல்ல யோசனை, எடுத்துக்கிறேன். ஆனா ஆவணக் காப்பகத்துல தூங்குற ஆடியோவ யார் தேடிப் போய் கேக்குறா? மியூசியத்துல அந்தத் திரை முன்னால ஒரு பையன் அரை மணி நேரம் நின்னான், போன வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஆளா தொட்டுத் தொட்டு கேட்டுட்டே இருந்தான், அவங்க அம்மா கூப்பிட்டும் வரல. படம் இல்லன்னா அவன் நின்னிருக்கவே மாட்டான். நம்ம அப்பா அம்மாக்கள் இங்க பார்க்குல நடந்துட்டு வீட்டுக்குள்ள போயிடுறாங்க, பேரப்புள்ளைங்களுக்கே அவங்க கதை தெரியாது, அது மனசுக்கு கஷ்டமா இருக்குண்ணே.

தமயந்தி:
அப்ப ஒண்ணு பண்ணுங்க. குரல நெட்ல போடாதீங்க, திரை இருக்கிற இடத்துக்கு வர்றவங்க மட்டும் ஹெட்போன்ல கேக்கட்டும். யாராவது பின்னால "என்ன எடுத்துருங்க"ன்னா எடுக்க முடியுமா? ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு நிக்கிற மாதிரி சேத்துட்டா எப்படி பிரிப்பீங்க?

ஃப்ரீமாண்ட் குமரன்:
முடியும், கம்ப்யூட்டர்ல ஒவ்வொருத்தரும் தனித்தனி அடுக்குதான் (லேயர்), எடுத்தா மத்தவங்கள கொஞ்சம் நகர்த்தி முழுப் படத்தயும் திரும்ப உருவாக்கணும், வேலை ஜாஸ்தி, ஆனா செய்யலாம். ஹெட்போன் யோசனைக்கும் சரி. சம்மதப் படிவத்த தமிழ்ல எழுதி இங்கயே போடுறேன், எல்லாரும் படிச்சு தயங்காம குறை சொல்லுங்க.

ஒலிநாடா:
போடுங்க, வரி வரியா படிக்கிறேன். எடிட் பண்ணாத பதிவு அந்தந்த குடும்பத்துக்குப் போகணும், ஊருக்குக் காட்டுறதுக்கு முன்னால அவங்களுக்குக் காட்டணும். இன்னொண்ணு, இதுல நான் இறங்கி வரமாட்டேன், டிசைன் பண்றவங்க பேரு எந்த எழுத்து சைஸ்ல வருதோ, அதே சைஸ்ல அந்த 60 பேர் பேரும் வரணும், பேரு வேணாம்னு அவங்களே சொன்னா மட்டும் விடலாம்.