சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் ஒளியில் மஞ்சள், தட்டில் பழுப்பு: ஏன்?

கேள்வி: ஓவிய ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓவியம் கற்பிக்கிறேன். முதன்மை வண்ணங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அறிவியல் பாடத்திலோ சிவப்பு, பச்சை, நீலம் என்று இருக்கிறது. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் வரும் என்று அங்கே படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி, வாட்டர் கலர் தட்டில் அவ்விரண்டையும் குழைத்துப் பார்த்தாள். வந்தது சேற்றுப் பழுப்பு. "எந்தப் புத்தகம் சரி, டீச்சர்?" என்று கேட்கிறாள். ஒளி கூடும், சாயம் கழிக்கும் என்ற ஒரு வரி விடை எனக்குத் தெரியும். ஆனால் எது கூடுகிறது, எது கழிகிறது என்று அவள் அடுத்துக் கேட்டால் தெளிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பிலேயே செய்து காட்டக்கூடிய சோதனைகள் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள்.

பதில்: இயற்பியல் ஆசிரியர்

வணக்கம் அம்மா. இந்தக் கேள்வியைக் கண்ணிலிருந்து தொடங்குவதே நல்லது. நம் விழித்திரையில் வண்ணம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அவை ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளங்களில் மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. சோடியம் விளக்கின் மஞ்சள் 589 நானோமீட்டரை ஒட்டிய ஒளி. அது கடைசி இரண்டு வகைகளையும் தூண்டுகிறது. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் தகுந்த அளவில் ஒரே இடத்தில் விழுந்தாலும் அந்த இரண்டு வகைகளும் அதே விகிதத்தில் தூண்டப்படுவதால், இரண்டு மஞ்சள்களையும் கண்ணால் வேறுபடுத்த முடிவதில்லை. இங்கே எந்த ஒளியும் மற்றொன்றை விழுங்கவில்லை; இரண்டும் முழுமையாகக் கண்ணை அடைகின்றன. ஆகவேதான் கலவை ஒவ்வொன்றையும்விடப் பிரகாசமாக இருக்கிறது.

சாயத்தில் நடப்பது வேறு. வெள்ளை ஒளி தாளின் மேல் விழுந்து, நிறமித் துகள்களுக்கு இடையே பலமுறை சிதறித்தான் வெளியே வருகிறது. சிவப்பு நிறமி நீலத்தையும் பச்சையையும் விழுங்குகிறது. பச்சை நிறமி சிவப்பையும் நீலத்தையும் விழுங்குகிறது. இரண்டையும் குழைத்தால், ஒன்று விட்டுவைப்பதை மற்றொன்று எடுத்துக்கொள்கிறது. எந்த நிறமியும் எதையும் முற்றாக விழுங்குவதில்லை என்பதால் மங்கலாக மிஞ்சும் சிறிதளவு ஒளியே உங்கள் மாணவி கண்ட பழுப்பு. மங்கிய ஆரஞ்சைத்தான் நம் கண் பழுப்பாகக் காண்கிறது.

நீலமும் மஞ்சளும் பச்சையாவதையும் அவளுக்கு இதே வழியில் காட்டலாம். மஞ்சள் நிறமி நீலத்தை விழுங்கிவிட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவற்றைத் திருப்பி அனுப்புகிறது. நீல நிறமி நீலத்தோடு ஓரளவு பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. இரண்டும் விட்டுவைப்பது பச்சை மட்டுமே. பிரஷியன் நீலத்தோடு லெமன் மஞ்சளைக் குழைத்தால் பச்சை துலக்கமாகவும், அல்ட்ராமெரின் நீலத்தோடு ஆரஞ்சு சாயல் கொண்ட மஞ்சளைக் குழைத்தால் மங்கலாகவும் வருவது உங்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும். அல்ட்ராமெரின் பச்சையைக் குறைவாகவே திருப்பி அனுப்புவது அதற்கு முக்கியக் காரணம். ஒளி கூடும் கலவை, சாயம் கழிக்கும் கலவை என்ற இரண்டு வகைகளையும் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1852இல் தெளிவாகப் பிரித்து விளக்கினார்.

சோதனைக்கு இரண்டு டார்ச் விளக்குகள் போதும். ஒன்றில் சிவப்பு, மற்றொன்றில் பச்சை செலோபேன் தாளைக் கட்டி, இருட்டறையில் வெள்ளைச் சுவரின் ஒரே இடத்தில் விழச் செய்யுங்கள். கைப்பேசித் திரையில் மஞ்சள் படம் ஒன்றை வைத்து அதன் மேல் மிகச் சிறிய நீர்த்துளி ஒன்றை இட்டாலும், துளி உருப்பெருக்கியாகிச் சிவப்பு, பச்சைப் புள்ளிகளைப் பிரித்துக் காட்டும்.

பதில்: ஆப்செட் அச்சகத்தில் பணிபுரிபவர்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சாயத்துக்கு முதன்மை வண்ணமாக இருக்கத் தக்கது, ஒளியின் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் விழுங்கும் வண்ணமே. சயான் (பச்சை கலந்த நீலம்) சிவப்பை விழுங்குகிறது, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பச்சையை, மஞ்சள் நீலத்தை. சிவப்புச் சாயம் இரண்டு பகுதிகளை விழுங்கிவிடுவதால், அதோடு நீலத்தைக் கலந்து எவ்வளவு முயன்றாலும் பளிச்சென்ற ஊதா கிடைப்பது கடினம். வகுப்பில் சயானையும் மெஜந்தாவையும் கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். ஏட்டின்படி மூன்று மைகளும் சேர்ந்தால் கருப்பு வர வேண்டும். அச்சில் வருவது அழுக்குப் பழுப்பு. மை மிகுந்தால் தாளும் நனைந்து தொய்யும். கருப்பு மையைத் தனியாக ஓட்டுவதற்கு இவையெல்லாம் காரணம்.

ஒரு வார இதழின் அட்டையை லூப் என்னும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் புள்ளிகள் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகவும், சில இடங்களில் பக்கத்தில் பக்கத்திலும் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடத்தில் மைகள் கழிக்கின்றன; பக்கத்தில் நிற்பவற்றின் ஒளி கண்ணில் கூடுகிறது. ஒரே தாளில் இரண்டு வேலையும் நடக்கிறது.

ஓவிய ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. டார்ச் சோதனை அழகாக வந்தது. ஆனால் அதிலிருந்தே புதிய குழப்பம் பிறந்திருக்கிறது. நீல, மஞ்சள் செலோபேன் தாள்களை ஒரே விளக்கின் மேல் அடுக்கியபோது பச்சை வந்தது. தனித்தனி விளக்குகளில் கட்டியபோது ஏறத்தாழ வெள்ளை வந்தது. இரண்டும் ஒளிதானே? அடுத்ததாக, அட்டை வட்டில் பாதி நீலமும் பாதி மஞ்சளும் பூசிச் சுழற்றினால் பச்சை வரவில்லை, சாம்பல் வருகிறது. அது சாயம்தானே?

பதில்: இயற்பியல் ஆசிரியர்

உங்கள் மாணவர்கள் கண்டது இரண்டும் சரி. ஒளியா சாயமா என்று கேட்பதைவிட, ஒரே கதிர் இரண்டு வண்ணப் பொருள்களையும் கடந்தாக வேண்டுமா என்று கேட்க வேண்டும். அடுக்கிய தாள்களில் ஒவ்வொரு கதிரும் இரண்டையும் கடக்கிறது. குழைத்த சாயத்திலும் அப்படியே. எனவே கழிகிறது. தனித்தனி விளக்குகளில் ஒவ்வொரு கதிரும் ஒரு தாளை மட்டும் கடந்து வந்து சுவரில் மற்றதோடு சேர்கிறது. சுழலும் வட்டிலும் எந்தக் கதிரும் இரண்டு சாயங்களைச் சந்திப்பதில்லை. அவை மாறி மாறி விரைவாக வருவதால் கண்தான் சேர்த்துக்கொள்கிறது. நீல ஒளியோடு மஞ்சள் ஒளி சேர்ந்தால் வெள்ளை வர வேண்டும். எனினும் ஒவ்வொரு வண்ணமும் பாதி நேரமே தெரிவதால் கிடைப்பது இரண்டின் சராசரி, அதாவது சாம்பல். வீடுகளில் எரியும் வெள்ளை எல்இடி விளக்குகளில் பெரும்பாலானவையும் நீலத்தோடு மஞ்சளைச் சேர்ப்பவையே. உள்ளிருக்கும் நீல எல்இடியின் ஒளியில் ஒரு பகுதியை அதன்மேல் பூசிய பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருள் மஞ்சளாக மாற்றுகிறது. மீதி நீலமாகவே வெளியேறுகிறது.

இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1861இல் லண்டனில் காட்டிய வண்ணப்படத்தில் இரண்டு வழிகளும் அடுத்தடுத்து வந்தன. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே எடுத்த படங்களை, அதே வடிகட்டிகள் வழியாகத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினார்; வடிகட்டிகள் கழித்ததைத் திரை கூட்டியது.

அதற்கு முன்பே சுழல்வட்டுகளில் வண்ணங்களை அளந்தவர் அவர். ஆரவாக்கில் வெட்டிய வட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, வண்ணப் பகுதிகளின் அகலத்தை மாற்றிக்கொண்டே போய், நடுவில் வைத்த கருப்பு வெள்ளை வட்டின் சாம்பலோடு பொருந்தும்வரை சுழற்றினார். உங்கள் வட்டில் மஞ்சள் சாயல் எஞ்சினால் நீலப் பகுதியை அகலப்படுத்துங்கள். நீலம் மிகுந்தால் குறையுங்கள். எந்த அகலத்தில் சாம்பல் கிடைக்கிறது என்று மாணவர்களே கோணமானியால் அளந்து குறித்துக்கொள்ளட்டும்.