போர்டிங் பிள்ளைகள் பின்னிய லேஸ்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பள்ளிக்கூட வரலாறு என்றாலே துரைமார் பெயரில்தான் பேச்சு தொடங்கும். வெள்ளைக்காரர் வந்தார்கள், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தார்கள், அவ்வளவுதான் கதை. எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. என் அப்பாவின் பெரியம்மா நாகர்கோவிலில் போர்டிங்கில் தங்கிப் படித்தவர். மீதிக் கதையை அவரிடம்தான் கேட்டேன்.

முதலில் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். மயிலாடிக்காரரான வேதமாணிக்கம் அழைத்ததன் பேரில் 1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியை மையமாக வைத்துக்கொண்டார். சபை உண்டான ஊர்களில் சிறு பள்ளிக்கூடங்களும் உண்டாயின. அவருக்குப் பின் 1818-இல் சார்லஸ் மீட் என்ற மிஷனரி வந்தார். அதன் பிறகு மிஷன் வேலை நாகர்கோவிலுக்கு மாறியது. அங்கே மிஷனரிகள் தங்குவதற்கு ஒரு பங்களாவும், வயல் வாங்க 5000 ரூபாயும் கொடுத்தவர் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்த பையன்கள் சாப்பிட்டது அந்த வயல் வருமானத்தில். சீமைப் பணம் மட்டுமே என்று சொல்கிறவர்கள் இந்த நெல்லை மறந்துவிடுகிறார்கள்.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் கனமானது. 1819 கடைசியில் மால்ட் என்ற மிஷனரித் தம்பதி வந்து சேர்ந்தார்கள். மார்த்தா மால்ட் அம்மையாரும் மீட் அம்மையாரும் பெண் பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார்கள். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று தாய் தகப்பன் அனுப்பவே யோசித்த காலம். சோறும் துணியும் கொடுத்துத்தான் பிள்ளைகளைச் சேர்க்க முடிந்தது. அடிமைகளாக இருந்த பெண்களும் அங்கே வந்தார்கள். படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொண்டார்கள்.

அந்த லேஸ் எப்படி இருக்கும் என்று பெரியம்மா ஒருநாள் உட்கார வைத்துக் காட்டினார். உருளை மாதிரி கெட்டித் தலையணை. அதன்மேல் துளை போட்ட அட்டை, துளைகளில் குண்டூசி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகள். கட்டைகளை இரண்டிரண்டாகப் பிடித்து, குறுக்கே மாற்றி, முறுக்கி, ஊசி குத்தி, மறுபடி மாற்றி... எனக்குக் கண் போனதே தவிர கை போகவில்லை. அவருக்கோ பேசிக்கொண்டே விரல் ஓடியது. "கையைக் கழுவிட்டுத்தான் தொடணும் மக்களே. வேர்வை பட்டா நூலு மங்கிப் போவும், விலை போவாது" என்றார். ஒரு விரற்கடை நீளம் பின்னவே நேரம் ஓடிவிட்டது.

அன்றைக்குத்தான் பழைய செய்தி ஒன்று எனக்கு உறைத்தது. நாகர்கோவில் பள்ளியில் லேஸ் விற்ற காசைச் சேர்த்து, அடிமைப் பெண்கள் சிலர் தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்தது 1855-இல். அதற்கு முன்பே இந்தப் பிள்ளைகள் விரல் நுனியால் விடுதலை வாங்கியிருக்கிறார்கள்! தர்மப் பள்ளி என்று ஒரே வார்த்தையில் இதை அடக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போவது லேசான காரியமும் இல்லை. பெண்கள் மேலாடை போடுவதை எதிர்த்து எழுந்த தோள்சீலைக் கலகத்தின்போது, 1820-களின் கடைசியில், கிறிஸ்தவக் கோயில்களோடு பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். மேலாடை உரிமைக்கு அரசாணை வந்தது 1859-இல்தான். நடுவில் இருந்த ஆண்டுகளில் குப்பாயம் என்ற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்த பெண் பிள்ளையின் தைரியத்தை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. சீமையில் நன்கொடை கொடுத்தவர் சொன்ன பெயரையே பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் அப்போது இருந்தது. உதவிதான், ஆனால் ஒரு குழந்தையின் பெயரை எங்கேயோ இருக்கும் ஒருவர் முடிவு செய்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெரியம்மா காலத்தில் பெயரெல்லாம் வீட்டில் வைத்ததுதான். படித்து முடித்து ஊருக்கு வந்தபோது, எங்கள் விளையில் கடிதம் வாசிக்கத் தெரிந்த பெண் அவர் ஒருத்தர்தான். கொழும்பிலிருந்து கடிதம் வந்தால் பனையேறிகளின் வீட்டுப் பெண்கள் அவரைத் தேடி வருவார்களாம். ஆண்களிடம் வாசிக்கக் கொடுக்க முடியாத கடிதங்களும் இருக்குமே!

விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலோ, பாறசாலை தாண்டி அந்தப் பக்கத்திலோ உங்கள் வீட்டில் போர்டிங்கில் படித்த பாட்டிமார் இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். லேஸ் அட்டை பரணில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தப் பூ, எத்தனை கட்டை, யார் சொல்லிக் கொடுத்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.